உள்பக்கத்துப் பிசிறு

டீ நன்றாக இருந்தது மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல். ஆனால் அறுபத்தாறு வயதுக்காரன் இந்த நேரத்தில் அதற்கெல்லாம் முகம் சுளிக்கக் கூடாது.

நான் சொல்லச் சொல்ல, தானே எழுதிக்கொள்வதாக ஏட்டையா சொன்னார். நான்தான் மறுத்து, தாள் வாங்கி, என் கைப்பட எழுதுகிறேன். அவர் என்னை நெடுநாளாக அறிந்தவர். என் மேல் இருக்கிற மரியாதைக்கு, நான் பத்து சொன்னால் மூன்றைத்தான் எழுதுவார். காலையில் நான் வந்து நின்று, மோட்டார் கடை சங்கரைக் கொன்றது நான்தான் என்று சொன்னதும் அவர் உங்களிடம் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது.

"நம்ம காளிராஜ் அண்ணாச்சி வேலையில குத்தங்குறை வராது மேடம். உள்ள கெடக்க இசக்கிப் பயலக் காப்பாத்தணும்னு தலையைக் குடுக்க வந்திருக்காரு. தங்கமான மனுசன்."

நீங்களும் என்னை மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்து, "வெயில்ல வந்திருக்கீங்க, கொஞ்சம் இருங்கய்யா" என்றீர்கள். எல்லோரும் இவ்வளவு அன்பாக இருந்தால் ஒருவன் எப்படித்தான் ஒப்புக்கொள்வது. அதனால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். என் வலது கால் ஆடிக்கொண்டே இருப்பதைப் பார்த்துப் பயம் என்று நினைத்துவிடாதீர்கள். கையில் வேலை இல்லையென்றால் அது ஆடும். இரண்டு மாதமாகவே ஆடுகிறது.

கூட்டுறவு நூற்பாலையில் மின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகு வீட்டு முன்னறையில் பெட்டிகளுக்கு ஓட்டை போட்டுக் கொடுக்கிறேன். ஸ்டார்ட்டர் பெட்டி, தறிக்கு டைமர் பெட்டி, செல்போனிலேயே தோட்டத்து மோட்டாரைப் போடுகிற பெட்டி என்று எதுவாக இருந்தாலும் விளக்குக்கு ஓர் ஓட்டை, பொத்தானுக்கு ஓர் ஓட்டை, வயர் நுழைய ஓர் ஓட்டை வேண்டும். ஓட்டை போடுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்கள் உண்டு. நான் போட்ட ஓட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கண்ணை வைத்தால் இங்கிருந்தே குற்றாலத்து அருவி தெரியும். என் ஓட்டை வழியாகப் பௌர்ணமியைப் பார்த்தால் நிலாதான் கொஞ்சம் கோணல் என்று ஒருமுறை பேச்சு வந்தது. சொன்னது நான்தான். பக்கத்தில் இருந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை.

முதலில் காகித டேப்பை ஒட்டி, அதன் மேல் பென்சிலால் குறிக்க வேண்டும். குறியில் சென்டர் பஞ்ச் என்கிற கூர்முனைக் கம்பியை வைத்து ஒரு தட்டு. இரண்டு தட்டுத் தட்டுகிறவனுக்கு நிச்சயம் இல்லை என்று அர்த்தம். பிறகு சின்னத் துளை. அதற்கப்புறம் படி வைத்த ட்ரில் பிட். நம் ஊர்க் கோபுரத்தைத் தலைகீழாகப் பிடித்த மாதிரி இருக்கும், படிக்குப் படி ஓட்டை அகன்றுகொண்டே போகும். தகரம் என்றால் ஒரு சொட்டு எண்ணெய். பிளாஸ்டிக் என்றால் பின்னால் ஒரு மரக்கட்டை, மெதுவான ஓட்டம், நிறையப் பொறுமை. கடைசியில் இரண்டு பக்கமும் பிசிறு எடுப்பது. பிசிறு என்பது ட்ரில் வெளியே வரும்போது ஓட்டையின் விளிம்பில் நிற்கும் தகரப் பல். கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டால் கீறும். இந்தத் தொழிலில் யார் பெட்டி வந்தாலும் வயரை விடுவதற்கு முன்னால் ஓட்டைக்குள் விரலைச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். என் பெட்டிக்கு மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அண்ணாச்சி ஓட்டையில் விரலை விட்டால் வழுக்கும் என்பார்கள்.

இந்த விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

சங்கரைப் பற்றிக் குறையாகச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ராஜபாளையம் ரோட்டில் மோட்டார் சாமான் கடை. நாற்பது வயது, சிரித்த முகம், வெள்ளைச் சட்டை. கரிசல் காட்டில் அவருக்குக் கைராசிக்காரர் என்று பெயர். அவர் தொடங்கி வைத்த மோட்டார் நின்றதில்லை என்றும், அவர் கை பட்ட கிணறு வற்றாது என்றும் பேச்சு. மழையை நம்பிப் பிழைக்கிற ஜனம் எதையாவது பிடித்துக்கொள்ளத்தானே வேண்டும். அதனால் யார் புதுப் பெட்டி வாங்கினாலும் அவரே போவார். செருப்பைக் கழற்றுவார். பெட்டியின் காலடியில் தேங்காய் உடைத்து அந்தத் தண்ணீரை அங்கேயே ஊற்றுவார். அதிலேயே நின்றுகொண்டு, இடது கையைப் பெட்டியின் தலையில் ஆசீர்வாதம் பண்ணுகிற மாதிரி வைத்து, வலது கையால் பச்சைப் பொத்தானை அமுக்குவார். அதற்குப் பிறகு பெட்டியை யாரும் தொடுவதில்லை, எல்லாம் செல்போன்தான்.

ஆறு வருடம் அவருடைய பெட்டிகளுக்கெல்லாம் நான்தான் ஓட்டை. சித்திரையில் ஒருநாள் கடைக்குப் போனேன். மேஜையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதில் யாரோ சால்டரிங் இரும்பைப் பழுக்க வைத்துச் சொருகி எடுத்திருந்தார்கள். ஓட்டை, எலி கடித்த அப்பளம் மாதிரி, ஓரமெல்லாம் உருகி வழிந்து கிடந்தது.

"இது யாரு கைவேலை?" என்று கேட்டேன்.

"நம்ம இசக்கிராஜா போட்டது அண்ணாச்சி. இங்கன கடையிலயே இருந்து வயரும் பண்ணிருதான், ஓட்டையும் போட்டுருதான். ஒரு பெட்டிக்கு ரெண்டு நிமிசம்."

"ரெண்டு நிமிசம்னு பாத்தாலே தெரியுது."

"என்னத்த அப்பிடி உத்து உத்துப் பாக்குதிய? ஓரத்துல எம்சீல் பசைய வச்சு அடைச்சிருவோம். மேல ஸ்டிக்கர ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது? ஓட்டைன்னா ஓட்டைதான அண்ணாச்சி."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஸ்டிக்கரையும் காட்டினார். கையெடுத்துக் கும்பிடுகிற அவர் படம், கீழே கடை நம்பர். அலமாரியில் நான் போட்டுக் கொடுத்த பழைய பெட்டிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று அவற்றின் மேலும் அதே ஸ்டிக்கரை ஒட்டி, பொத்தானுக்கு இடம் விட்டுக் கத்திரியால் வெட்டியிருந்தார்கள். என் ஓட்டையின் விளிம்பு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

நான் கோபப்படவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார், குடித்தேன், வந்துவிட்டேன்.

கோபப்பட்டிருந்தால் ஒருவேளை தேவலை. வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. படுத்தால் எழுந்தேன், எழுந்தால் நடந்தேன். பெட்டி வருவது நின்றுவிட்டதால், கையில் கிடைத்ததற்கெல்லாம் ஓட்டை போட்டேன். பழைய டிபன் பாக்ஸ், மாவு டப்பா மூடி, தபால் பெட்டி. அடுப்படியில் நல்ல பாத்திரம் ஒன்றை எடுத்துக் குறி வைத்துக்கொண்டிருந்தபோது என் மனைவி ஞானசெல்வி வந்து பிடுங்கினாள்.

"இந்த வீட்டுல ஓட்ட போடாத சாமான்னு இனி நான் ஒருத்திதான் மிச்சம்" என்றாள்.

நானும் சிரித்தேன். நல்ல பேச்சுக்காரி. அவளுக்கு இதில் எதுவும் தெரியாது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைகாசி கடைசியில் ஒருநாள் சாயங்காலம் இசக்கிராஜா என் வீட்டுப் பின்வாசல் வழியாக வந்தான். கையில் இரண்டு தகரப் பெட்டிகள். திருவேங்கடத்தில் ஒருவரும், இளையரசனேந்தல் பக்கம் ஆறுமுகத்தாய் என்கிற அம்மாவும், பிளாஸ்டிக் வெயிலில் வெடிக்கிறது, இரும்பில்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பழுத்த இரும்பு பிளாஸ்டிக்கில் இறங்கும், தகரத்தில் இறங்காது. பயல் முழித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, நீங்க போட்டுத் தந்துருங்க. ஆனா சங்கர் அண்ணன்கிட்ட நாந்தான் போட்டேன்னு சொல்லியிருக்கேன். தயவுபண்ணி வெளிய சொல்லிராதிய."

"சொல்ல மாட்டேன்வே. வச்சிட்டுப் போ, காலையில வந்து வாங்கிக்கோ."

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று எழுத்தில் சொல்வது கஷ்டம். ஒரு மாதத்தில் அன்றைக்குத்தான் கால் ஆடாமல் உட்கார்ந்தேன்.

அந்த ஓட்டைகளைப் போல நான் என் வாழ்நாளில் போட்டதில்லை மேடம். மேல்பக்க விளிம்பில் ஒரு மெல்லிய சாய்வு கொடுத்தேன், எவர்சில்வர் டம்ளரின் வாய் மாதிரி. வெளிச்சத்தில் பிடித்தால் மோதிரம் மாதிரி மின்னியது. பிறகு மூன்று வேலைகளைச் செய்யாமல் விட்டேன். வயர் நுழைகிற ஓட்டையின் உள்பக்கத்தில் பிசிறு எடுக்கவில்லை. அதில் எப்போதும் நானே மாட்டித் தருகிற ரப்பர் வளையத்தை மாட்டவில்லை. எர்த் போல்ட் உட்காருகிற இடத்தில் பெயிண்டைச் சுரண்டவில்லை. பெயிண்டின் மேல் போல்ட் உட்கார்ந்தால் எர்த் பேருக்குத்தான், கசிகிற மின்சாரம் மண்ணுக்கு இறங்காமல் பெட்டியிலேயே நிற்கும்.

ஆக, நான் செய்தது என்று ஒன்றுமில்லை. செய்யாமல் விட்டதுதான் மூன்று. ஓய்வு பெற்றவனுக்கு மறதி வரக்கூடாதா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். வரலாம் என்றுதான் பதில் வந்தது.

திருவேங்கடத்துப் பெட்டி முதலில் போனது. சங்கர் தேங்காய் உடைத்தார், கை வைத்தார், பொத்தானை அமுக்கினார், மோட்டார் ஓடியது, சாப்பிட்டுவிட்டு வந்தார். அந்த ரோடு இப்போது புதிதாகப் போட்ட ரோடு. பெட்டி குலுங்காமல் போயிருக்கிறது, வயருக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

இளையரசனேந்தலில் ஆறுமுகத்தாயின் தோட்டத்துக்குப் போகிற பாதை அப்படியில்லை. பள்ளத்துக்கு நடுவில் கொஞ்சம் பாதை. பைக்கின் பின்னால் கட்டிக் கொண்டுபோகும்போது வயர் அந்த விளிம்பில் ஏறி ஏறி இறங்கி, அதன் மேல்தோல் கிழிந்திருக்கும். போன செவ்வாய்க்கிழமை காலையில் சங்கர் செருப்பைக் கழற்றினார், தேங்காயை உடைத்தார், கையை வைத்தார். பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். அந்த அம்மாவும் தன் கையால் தொட்டுக் கும்பிட்டுக்கொள்கிறேன் என்று கிட்டத்தில் வந்தாளாம். "நீ இரு மதினி, நான் மொதல்ல" என்று சங்கர் தடுத்தாராம். அவள் தொட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் காலையில் என்னைக் கேட்டீர்கள். தொடவில்லையே மேடம்.

பிறகு நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள். உள்ளே பிசிறு. யார் போட்ட ஓட்டை என்று கேட்டதும் இசக்கிராஜா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாந்தான் மேடம் போட்டேன்" என்று சொல்லிவிட்டான். வெளிப்பக்கத்தைப் பார்த்துவிட்டு, பாராட்டத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்திருக்கிறான். அலட்சியத்தால் மரணம் என்று கேஸ் எழுதியதற்குப் பிறகும் வார்த்தையை மாற்றவில்லை. அவனை உள்ளே வைத்துவிட்டீர்கள்.

அவன் மனைவி ஜெயசித்ரா நேற்று என் வீட்டு வாசல்படியில் வந்து உட்கார்ந்தாள். அவன் என்னிடம் பெட்டி கொண்டுவந்தது அவளுக்குத் தெரியும்.

"அண்ணாச்சி, அவருக்கு ஒரு தோச வட்டமா ஊத்தத் தெரியாது. அவரா இந்த ஓட்டையப் போட்டாரு? நீங்கதான போட்டுக் குடுத்திய. கேட்டா, ஊருக்குள்ள மானம் போயிரும்னு சொல்ல மாட்டேங்காரு. நீங்க ஒரு வார்த்த வந்து சொல்லுங்க."

"நான் போட்டேன்னு சொன்னா, உள்ள கெடக்க பிசிறும் என்னதுன்னு ஆகுமே தாயி."

"அதெப்பிடி ஆவும்? உங்க ஓட்டையில பிசிறு இருக்காதுன்னு கோயில் வாசல்ல பூக்கட்டுதவளுக்குக்கூடத் தெரியும். இவருதான் வாங்கிட்டு வந்தப்புறம் எதையாவது வச்சு நோண்டியிருப்பாரு. கை சும்மா இருக்காது அவருக்கு."

பாருங்கள், கட்டின மனைவியே அவனை மாட்டிவிட்டு என்னைக் காப்பாற்றுகிறாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஞானசெல்வி அவளுக்குக் காபி கொடுத்தாள். அழுது முடித்துவிட்டுப் போகும்போது தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். ஸ்டேஷனில் பெட்டியை வெளியே வைத்தபோது யாரோ எடுத்தது, ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ஸ்டிக்கரை உரித்திருந்தார்கள், ஓட்டை நன்றாகவே விழுந்திருந்தது படத்தில். கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: "நம்ம இசக்கி போட்டதா? பயல் தொழில் கத்துக்கிட்டானே." அதற்குக் கீழே பதினைந்து பேர் கைதட்டுகிற படம்.

நேற்று ராத்திரி முழுக்க நான் முன்னறையில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு நிரபராதி உள்ளே இருக்கிறான், அவன் மனைவி அழுகிறாள், இதைப் பார்த்துக்கொண்டு ஒரு மனிதன் சும்மா இருக்க முடியுமா. முடியவில்லை. விடிந்ததும் குளித்து, சலவை வேட்டி கட்டி, இங்கே வந்துவிட்டேன். இதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் என் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்துக்கொண்டிருப்பது தெரிகிறது. அப்படியென்றால் இதையும் இப்போதே எழுதிவிடுகிறேன். திருவேங்கடத்துப் பெட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதிலும் அதே ஓட்டைதான். மோட்டார் ஒவ்வொரு முறை ஓடும்போதும் பெட்டி லேசாக அதிரும், வயர் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். செல்போனில் போடுகிறவரைக்கும் பாதகமில்லை. சிக்னல் இல்லாத நாளில் மட்டும் வீட்டில் யாராவது போய்க் கையால்தான் போடவேண்டும். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். பேச்சு சுவாரசியத்தில் விட்டுப்போய்விட்டது.

இப்போது தாளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினீர்கள். போனில் கத்துவது இங்கே கேட்டது. ஏட்டையா வேறு தாள் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, நாற்காலியையும் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். கடைசியில் நம்பிவிட்டார் என்று நினைக்கிறேன். மனதுக்கு நிம்மதியாக இருக்கிறது.

நீங்கள் வந்து சொன்னீர்கள். திருவேங்கடத்தில் அந்த வீட்டுக்காரர் பொத்தானைப் போடத்தான் கிளம்பிக்கொண்டிருந்தார், போன் அடித்ததால் நின்றார், மின்சாரத்தை நிறுத்தச் சொல்லியாயிற்று என்று. நல்லது. அந்தப் பெட்டியைக் கழற்றும்போது சுத்தியலால் அடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். விளிம்பு மடங்கிவிடும்.

பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள். "மறதியில விட்டிருந்தா அது அலட்சியம். வேணும்னு விட்டீங்கன்னு நான் எப்படிய்யா நம்புறது? ஒரு பக்கத்தப் பாத்துப் பாத்துப் பண்ணிட்டு, மறுபக்கத்த அப்படியே விட்டுட்டு உங்களால தூங்க முடியுமா?"

நல்ல கேள்வி மேடம். இந்த இரண்டு மாதத்தில் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டு ஒருவர் கேட்ட முதல் கேள்வி. முடியாதுதான். என்னால் எந்தப் பக்கத்தையும் அரைகுறையாக விட முடியாது. மேலே மூன்று வேலை செய்யாமல் விட்டேன் என்று எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். உள்பக்கத்துப் பிசிறை நான் விடவில்லை. தானாக நிற்கிற பிசிறு சீராக இருக்காது. ஓரிடத்தில் கூர், ஓரிடத்தில் மழுங்கல், நம்ப முடியாது. கத்தி மாதிரி மெல்லிய அரத்தை எடுத்து, வட்டம் முழுக்க ஒரே உயரத்தில், ஒரே கூரில் அதைத் தீட்டி நிறுத்தினேன். அந்த ராத்திரியில் முக்கால்வாசி அதற்கே போயிற்று. பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். உருகிய பிளாஸ்டிக்கில் இரும்பைச் சொருகுகிறவன் கையில் அது வராது.

இப்போது இசக்கிராஜாவை வெளியே விடுகிறீர்கள். சந்தோஷம். ஜெயசித்ரா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்கிறாள், இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பரவாயில்லை. அவனை அனுப்புவதற்கு முன்னால், வெளியே நிற்கிற கூட்டத்துக்கு முன்னால், அந்த ஓட்டையைத் தான் போடவில்லை என்று அவன் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். போனில் கைதட்டியவர்கள் யாராவது நின்றால் அவர்கள் காதில் விழும்படியாக.

நீங்கள் கணினியில் அடித்துக் கொண்டுவந்து வைத்த தாளையும் வாசித்துவிட்டேன். பெயர், விலாசம், தேதி எல்லாம் சரி. நான்தான் சங்கரைக் கொன்றேன், யோசித்து, தெளிந்த புத்தியோடு கொன்றேன் என்பதும் சரி. அதற்கு எத்தனை கையெழுத்து வேண்டுமோ போட்டுத் தருகிறேன். மூன்றாவது வரியில் 'குறைபாடுள்ள துளையின் காரணமாக' என்று இருக்கிறது. 'குறைபாடுள்ள' என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அடித்துவிட்டுக் கொண்டுவாருங்கள்.